சி செக்‌ஷன் விஜயபாஸ்கர்

பர் துபாயில் ஏசி உதிரிபாகக் கடையொன்றில் ஸ்டோர் இன்சார்ஜ் விஜயபாஸ்கர். வயது நாற்பத்து நான்கு. ஊரில் மாடி வீடு கட்டியாயிற்று. ஆனாலும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடம் அவரை விட்டபாடில்லை. அங்கே ஏ செக்‌ஷன் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, சி செக்‌ஷன் உருப்படாததுகளுக்கு. இவர் ஆறிலிருந்து பத்து வரை அசையாமல் சி. அதே பள்ளியில் ஏ செக்‌ஷனில் படித்த சரவணகுமார், கிரகசாரம் பாருங்கள், மனைவியின் தங்கையைக் கட்டி இவருக்கே சகலையாக வந்து வாய்த்தார்.

அந்தச் சகலை இப்போது மனைவியோடு துபாய் பார்க்க வந்திருந்தார். இந்தத் தடவையாவது அவரை வாயைப் பிளக்க வைத்தே தீருவது என்று விஜயபாஸ்கருக்கு வெறி. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவன் எடுத்து ஜெபல் ஜெய்ஸ் மலைக்குப் போவதென்று முடிவு செய்தார்.

ஷார்ஜாவில் கேரவன் வாடகைக்கு விடும் யார்டில் வண்டி கழுவுகிற கார்மேகம் பொறுமையாகச் சொன்னார்.

"சார், ஏ கிளாஸ் பஸ் மாதிரி. ஹெவி லைசென்ஸ் வேணும், உங்ககிட்ட இல்ல. நாலு பேருக்கு சி கிளாஸ் எடுங்க. டிரைவர் தலைக்கு மேலயும் பெட்டு இருக்கு, ஆறு பேரு கால் நீட்டலாம். பி கிளாஸ் வெறும் வேன். ரெண்டு பேருதான் படுக்க முடியும்."

சி என்றதுமே விஜயபாஸ்கருக்குக் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை.

"ஏம்ப்பா, என்னைப் பார்த்தா சி எடுக்கிற ஆளு மாதிரியா இருக்கு? ஏ இல்லேன்னா பி குடு."

"இது மார்க் இல்ல சார், வண்டியோட அமைப்பு..."

"கலாஸ்ப்பா, பேச்சு முடிஞ்சது. பி."

கார்மேகம் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கழுவப் போனார்.

மலையில் பொழுது சாயும் நேரம் கட்டிலைப் பிரித்தார்கள். இருந்தது ஒன்றே ஒன்று. மனைவி சங்கீதாவும் அவள் தங்கை சந்தியாவும் ஏறி உட்கார்ந்ததும் வேன் நிறைந்துவிட்டது. முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு சரவணகுமார் சுகமாகக் கண்ணை மூடினார். டிரைவர் சீட்டில் ஸ்டீயரிங் வயிற்றை இடிக்க, முழங்காலை வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார் விஜயபாஸ்கர்.

அப்போது பக்கத்தில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. மலையாளிக் குடும்பம், ஆறு பேர். டிரைவர் தலைக்கு மேலிருந்த மெத்தையில் படுத்தபடி பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கையாட்டின.

கண்ணைத் திறந்து பார்த்த சரவணகுமார் வாயைப் பிளந்தேவிட்டார்.

"சகலை, அது என்ன கிளாஸு?"

விஜயபாஸ்கர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, "சி" என்றார்.

பின்னாலிருந்து சங்கீதா கேட்டாள்.

"ஏங்க, எப்பவும்போல சி-லயே இருந்திருக்கலாம்ல?"