ஏரியை மேலே வைத்துப் பார்த்த மேப்

உங்கள் ஊர் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது? போனை எடுக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் ஊரில் யாரும் வடக்கு, தெற்கு என்று பதில் சொல்ல மாட்டார்கள். ஏரி மேலே, ரோடு கீழே, அவ்வளவுதான். டிகிரி முடித்த எனக்கும் அதுதான் திசை.

உத்திரமேரூர் பக்கம், ரோட்டை ஒட்டி எங்கள் கத்தரிக்கொல்லை. அதற்குப் பின்னால், ஏரி வரைக்கும் எங்கள் நெல் கழனி. ரோட்டிலிருந்து ஏரியைப் பார்த்து நின்றால் இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் பெரியப்பா. நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு. அறுப்பு மெஷின் எப்போதும் பெரியப்பா நிலத்து ஓரமாகத்தான் எங்கள் கழனிக்குப் போகும். இந்த முறை அவர் அங்கே கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். எங்கள் கதிரோ பழுத்துத் தலை சாய்ந்துகொண்டிருந்தது.

அம்மா சண்டைக்குப் போனாள். "காலங்காலமா வண்டி போற வழி, மாமா இது!"

"வழியா? எந்த மேப்புல கீது? கொண்டாந்து காட்டு, நானே கம்பிய புடுங்கிப் போடறேன்" என்றார் பெரியப்பா.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "காலேஜி படிச்சிக்கீற இல்ல? போயி எட்த்துகினு வா."

போனேன். சென்னையில் ஒரு பெரிய நூலகம். ஊர்ப் பெயரைச் சொன்னால் மேப்பை எடுத்து நீட்டிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எந்த மாவட்டம்?" என்றார் வரைபடப் பிரிவு மேடம்.

"காஞ்சிபுரம்."

"அது இப்போ. மேப் போட்ட காலத்துல?"

அப்போது செங்கல்பட்டு மாவட்டமாம். மேப்பில் மை பட்டுவிடக் கூடாதென்று என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார். பிறகு, கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்ட ஒரு பெரிய தாளைக் காட்டினார். உன் ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நீயே கண்டுபிடி, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடு, தேடி எடுத்து வருகிறோம் என்றார். தேடுபொறியில் நாலு எழுத்து தட்டிப் பழகிய ஆளுக்கு இது செம பேஜார். ஆனால் விரலை வைத்து ஏரி ஏரியாகத் தாண்டிப் போனபோது, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற ஊர்களெல்லாம் ஒன்றின் தண்ணீர் ஒன்றுக்குப் போகிறபடி கோத்துக் கிடப்பது தெரிந்தது. இத்தனை வருஷம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்த் தாள் வந்தது. ஏரிக்கரை, ரோடு, கிணற்றுக்கு ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்கு வலது பக்கம் ரோட்டிலிருந்து ஏரி வரை ஒரு புள்ளிக்கோடு. அதுதான் வண்டிப்பாதை. வலது பக்கம்! மாட்டினார் பெரியப்பா! படிக்கட்டுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மாமோவ்!" போனைக் காதில் வைத்துக்கொண்டே அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கத்தினாள். "மேப்புல உங்க பக்கம்தான் வழி கீதாம்!"

"வரட்டும், பாக்கலாம்" என்று பெரியப்பா குரல் கேட்டது.

திரும்பி வந்தால் மேடம் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன்.

"ஏரி எந்தப் பக்கம்னு சொன்ன?"

"மேல."

"இதுல கீழ இருக்கேம்மா."

மேப்பில் மேலே இருப்பது வடக்கு. எங்கள் ஏரி தெற்கே. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மெதுவாகத் தாளைத் திருப்பினோம். ஏரி மேலே வந்தது. புள்ளிக்கோடு கிணற்றுக்கு இடது பக்கம் போய்விட்டது.

"அங்க யாரு நிலம்?"

"எங்க கத்தரிக்கொல்ல."

தாத்தாவோ அவருடைய அப்பாவோ வழியை உழுது கொல்லையில் சேர்த்திருக்க வேண்டும். அப்புறம் தம்பி வீட்டு வண்டி என்று பெரியப்பா வீட்டில் வழிவிட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் இதைப் பேசியதில்லை.

பஸ்ஸில் ஜெராக்ஸை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரியப்பாவுக்கும் ஏரி மேலேதான். வடக்கை மேலே வைத்து அப்படியே நீட்டினால், அவரும் என்னைப் போலவே வலது பக்கம் என்று படிப்பார். வேலியைப் பிடுங்குவார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன்.

"அப்டியே காட்டிடேன்" என்றாள் அம்மா. "காய் புடிக்கிற செடிடி."

காலையில் வேலிக் கல் மேல் தாளை விரித்தேன். பெரியப்பா குனிந்தார். ஏரி மேலே வருகிற மாதிரி திருப்பி வைத்தேன்.

அவர் விரல் கிணற்றைத் தொட்டு இடது பக்கம் நகர்ந்து நின்றது. "இது உங்க கொல்லதானேடி?"

"ஆமா பெரிப்பா."

அவர் கம்பியில் கை வைக்கவில்லை.

மெஷின் ரோட்டில் நிற்கிறது. அம்மா கத்தரிச்செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.