அண்ணன் கேட்ட வாய்தா

போன மாசம் ஒரு வக்கீல் பெண் என்னைப் பார்க்க வந்தது. சின்ன வயசு. எரியோட்டில் இரண்டு அக்கா தங்கைகளுக்கு நிலத்தில் பங்கு கேட்டு வழக்கு நடத்துகிறதாம். என் வழக்கின் தீர்ப்பைக் காட்டித்தான் வாதாடப் போகிறதாம். அந்தத் தீர்ப்பு அச்சாகியிருந்த சட்டப் புத்தகத்தின் பக்கத்தைச் செல்போனில் காட்டியது. மேலே என் பேர், கீழே என் அண்ணன் பேர்.

என்னால்தான் எத்தனையோ பெண்களுக்குப் பங்கு கிடைத்திருக்கிறது என்றது. நான் காபி போட எழுந்துவிட்டேன். அடுப்படி வரை வந்து, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டது. நல்லா இருக்கார் என்றேன். அந்தப் பிள்ளை கையில் காபியைக் கொடுத்தேன்.

எங்களுக்கு வடமதுரைப் பக்கம். ஒரு கிணறும் அதைச் சுற்றித் தோட்டமும் அப்பா விட்டுப்போனது. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தால் பெண்ணுக்கு அதோடு சரி என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில்லை மூடினார்கள். பஞ்சுத் தூசியில் அவருக்கு மூச்சும் கெட்டுப்போயிருந்தது. அண்ணனிடம் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை, அவர் வாசலில் நின்று அழுதேன். அவர் முன்கோபக்காரர். வேண்டுமானால் கோர்ட்டில் போய் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கு திண்டுக்கல்லில் தொடங்கி மதுரை வரை போனது. அண்ணன் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். உடம்புக்கு முடியவில்லை, வக்கீல் ஊரில் இல்லை, வெங்காயம் பிடுங்குகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். தள்ளிப்போட்ட நாட்களில் மதுரையிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். நான் முன்னால் பெண்கள் பக்கம், அவர் கடைசி சீட்டில். பேசிக்கொள்ள மாட்டோம். ஒரு தடவை கண்டக்டர் என்னிடம் வந்தபோது டிக்கெட்டுக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். பின்னால் எடுத்தாச்சும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அப்பா வாய்ச்சொல்லாகவே எல்லாவற்றையும் மகனுக்குக் கொடுத்துவிட்டார் என்று அண்ணன் தரப்பில் சொன்னதைக் கோர்ட் ஏற்கவில்லை. மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பானது. பேப்பரில்கூட வந்தது. எங்கள் தெருவில் எனக்கு ஒரு மரியாதை வந்தது, அதை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. நிலம் வந்தது, ஆனால் அதில் பயிர் வைக்க ஆள் வரவில்லை. அண்ணன் முகத்துக்காக ஊரில் யாரும் குத்தகைக்குக் கேட்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் முருங்கை காய்த்துத் தொங்கியது. என் பக்கம் சீமைக் கருவேலம் மண்டியது.

போன வருசம் என் வீட்டுக்காரர் இறந்தார். பிள்ளை இல்லாத வீடு. எங்கள் பக்கத்தில் புருசன் செத்தால் கருமாதி அன்றைக்குப் பொம்பளைக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். கூடப்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து தோளில் போர்த்துவான். அது வராத பெண்ணுக்குக் கேட்க நாதியில்லை என்று அர்த்தம். ஆள் விட்டுச் சொல்லியிருந்தோம். பிணம் எடுப்புக்கு அண்ணன் வரவில்லை. கருமாதிக்காவது வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெயில் ஏறியது. வந்த சனம் குசுகுசுவென்று பேசத் தொடங்கியது. கேஸ் போட்டவளுக்குக் கோடியும் கோர்ட்டில் இருந்துதான் வரணும் என்று ஒரு பெண் சொன்னாள், இரண்டு பேர் சிரித்தார்கள். என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. மானத்தைக் காப்பாற்ற முன்கூட்டியே ஒரு சேலை எடுத்து வைத்திருந்தாள். அதை என் பெரியப்பா மகன் கையில் கொடுத்து, நீயும் அண்ணன்தானே, போர்த்து என்றாள். செத்த நேரம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன். போர்த்திவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். வேட்டி நனைந்திருந்தது, கக்கத்தில் மஞ்சப்பை. தோட்டத்தில் மோட்டார் பழுதாகி, பஸ்ஸை விட்டுவிட்டாராம். என் தோளைப் பார்த்தார்.

"கோர்ட்ல நான் கேட்டப்பல்லாம் வாய்தா குடுத்தாக," என்றார். "நீ இன்னைக்குச் செத்த நேரம் குடுத்திருக்கக் கூடாதா தாயி?"

பெரியப்பா மகன் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். அண்ணன் நிற்கவில்லை. பையோடு அப்படியே படியிறங்கிப் போனார். தாலி அறுத்தவள் அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டை விட்டு வெளியே வரலாம் என்று ஆனதும் முதல் வேலையாக ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் மதினிதான் இருந்தார். வா என்றார், தண்ணீர் கொடுத்தார். அண்ணன் அன்றைக்குப் பையில் கொண்டுவந்த சேலையைக் கேட்கத்தான் போயிருந்தேன். நெடுநேரம் கழித்துக் கேட்டேன். கோடிக்கு எடுத்ததை வீட்டில் வைக்கக் கூடாது என்று மறுநாளே கோயில் வாசலில் ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, யாரும் அப்படித்தான் செய்வார்கள். என்ன நிறம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மத்தியானம் அண்ணன் வந்தார். என்னைப் பார்த்தார். தொட்டியில் கால் கழுவினார்.

"சாப்டாளா?" என்று மதினியிடம் கேட்டார்.

இன்னும் இல்லை என்றார் மதினி. முதலில் அவளுக்குப் போடு, எனக்கு வேலை கிடக்கு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பவும் தோட்டத்துக்கு நடந்தார். மதினி சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்தார். நான் தனியாக உட்கார்ந்து, தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். கடைசி பஸ் வரை இருந்தேன். அவர் வரவில்லை.