சாணுக்கு ஒன்றாக நட்ட சோளம்

கோடை வெயிலில் தண்ணீர் காணாத சோள இலை சுருளும்போது ஒரு வாசம் வரும். காய்ந்த வைக்கோலும் பச்சைப் புல்லும் கலந்த மாதிரி. இன்றைக்கும் அந்த வாசம் மூக்கில் பட்டால் நான் அந்தத் தோட்டத்திலேயே நின்றுவிடுவேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து, அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்த அப்பாவின் கடிதம் நின்று, ரங்கூன் அரிசியும் வராமற்போன காலம் அது. எங்கள் ஊர்ச் சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் புகையிலையை விட்டுவிட்டு அம்மா சோளம் போட்டார். விதை பிந்தித்தான் கிடைத்தது. மாரி போய் மாசி பிறந்துவிட்டது. அதுவும் மாரி மழைக்கு ஆளுயரம் வளருகிற சாதி. அம்மாவோ, நெருக்கி நட்டால் கூடுதலாகச் சாப்பிடலாம் என்று சாணுக்கு ஒன்றாக நட்டுவிட்டார்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது கிணறு வற்றத் தொடங்கியது. தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்க வரும் மாமா, அம்மாவின் தம்பி, வரம்பில் நின்று கத்தினார்: "உது மாரியிலை நட்ட பயிரில்லை அக்கா! ஒண்டுவிட்டு ஒண்டைப் பிடுங்கு. இல்லாட்டி எல்லாம் வெறுந் தாளாய் நிக்கும், ஒரு பொத்தியும் மணி பிடியாது."

"அந்த மனுசன் உயிரோடை இருக்கிறாரோ எண்டு தெரியாத வீட்டிலை, பச்சைப் பயிரைப் பிடுங்கச் சொல்லுறியோ? வாயைக் கழுவு!"

மாமா துலாவில் ஏறி மிதிக்கத் தொடங்கினார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதினொரு வயதுதான், ஆனால் பசியில் தங்கச்சி சுருண்டு படுப்பதைப் பார்ப்பவள் நான். பச்சைப் பயிரைப் பிடுங்கினால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்ற அம்மாவின் சகுனம் தங்கச்சிக்குச் சாப்பாடு போடுமா?

அம்மா கடிதம் விசாரிக்க மானிப்பாய்த் தபாற்கந்தோருக்குப் போன ஒரு காலை, தோட்டத்தில் இறங்கினேன். முதல் பயிரை இழுக்கும்போது வீதியைத் திரும்பிப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. வாசல் படலை திறந்த சத்தம் கேட்டபோது பாதித் தோட்டம் முடிந்திருந்தது. அம்மா வெறுங்கையோடு வந்திருந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் அடிக்கவில்லை; அடித்திருந்தால் பரவாயில்லை. பிடுங்கிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைத்து, "கொப்பரும் இப்பிடி எங்கை கிடக்கிறாரோ," என்று அப்பாவை நினைத்து அழுதார்.

மற்றப் பாதியை நான் தொடவில்லை. மாமா சொன்னபடியே அது வெறுந் தாளாய் நின்றது. நான் பிடுங்கிக் கலைத்துவிட்ட பக்கத்தில் சோளப் பொத்திகள் முட்ட முட்ட மணி பிடித்தன. கூழும் புட்டுமாக நானும் தங்கச்சியும் அதைத்தான் தின்று தப்பினோம். அம்மா அதில் ஒரு மணியும் வாயில் வைக்கவில்லை. மற்றப் பக்கத்தில் தேடித் தேடி, அரைகுறைப் பொத்திகளைத் தனக்கென்று அவித்தார்.

சண்டை முடிந்து கப்பல்கள் வந்தன. அப்பா வரவில்லை, செய்திதான் வந்தது. செத்த வீட்டுச் சனம் எல்லாம் போனபின் அம்மா என் கையைப் பிடித்து, "நீ பிடுங்கினதாலை இல்லைப் பிள்ளை," என்றார். நான் அப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை.

அந்தத் தோட்டத்தில் இப்போது வீடுகள். கிணறு தூர்ந்துவிட்டது, அம்மாவும் போய்விட்டார். எத்தனை அங்குலம் விட்டு நடவேண்டும் என்று விதைப் பையிலேயே அச்சடித்து வருகிறது. நான் செய்தது சரி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அம்மா இல்லையென்று சொன்ன அன்றுதான், நான் பிடுங்கியதால்தானோ அப்பா போனார் என்ற பயம் என்னைப் பிடித்தது, இன்னும் விடவில்லை.