குளத்தில் நான் விட்ட செடி

வவுனியாவில் அக்கா வீட்டுத் தொட்டியில் ஊதாப் பூவோடு மிதந்த ஆகாயத்தாமரையைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. கல்யாணமாகி நானாட்டான் பக்கம் வந்த புதிது. இரண்டு செடிகளை வாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மல்," என்றேன். பூ என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களம் அந்த ஒரு சொல்தான். போகவிட்டான்.

செடி வாளி கொள்ளாமல் பெருகியது. மிஞ்சியதை எங்கள் குளத்தில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே நீந்தி விளையாடும் குளம். பூத்தால் வடிவாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கின. ஊரோடு இடம்பெயர்ந்தோம். ஆறேழு மாதம் கழித்துத் திரும்பி வந்து குளக்கட்டில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரைக் காணவில்லை. கரைக்குக் கரை பச்சை. யாரோ குளத்தை மூடி வயல் செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் பட்டது.

கொஞ்சம் தண்ணீர் தெரிந்த இடத்தில் என் கணவர் வழமைபோலப் பாய்ந்தார். செடிகள் மெல்ல நகர்ந்து அந்த இடத்தையும் மூடின. அவர் மேலே வரவில்லை. நான் கத்திக் குழறினேன். ஓரிடத்தில் பச்சை மேலெழும்பி அசைந்தது. கூட வந்த இரண்டு பேர் பாய்ந்து அவரை இழுத்தார்கள். கழுத்தெல்லாம் வேர், இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார்.

"எவன் இதைக் கொண்டந்து விட்டவன்?" என்று கத்தினார், சத்தம் கேட்டு ஓடிவந்த கமக்காரர் சங்கத் தலைவர்.

"நான்தான் ஐயா. பூவுக்காகக் கொண்டந்தனான்."

"பூவுக்கோ? பிள்ளை, இனி வயலுக்குத் தண்ணி எப்பிடிப் போகும்?"

என் கணவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மிஞ்சியதை நான் குளத்தில் விட்டது அதுவரை அவருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து ஊரே இறங்கி அள்ளியது. ஒரு சிறு தண்டு கிடந்தாலும் திரும்ப முளைக்கும் என்பதால் குளக்கட்டில் காயவைத்துக் கொளுத்தினோம். இதே செடி பிடித்த வேறு குளங்களில் இருந்து வலை, நீந்தும் டியூப் கொண்டு வருபவர்களை மறிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

"கழுவிக் காயவிட்டிட்டு இறங்குங்கோ அண்ணை."

"பிள்ளை, வலைக்குள்ள என்ன கிடக்கு?" என்று ஒருவர் சிரித்தார். உதறினேன். நக அளவில் ஒரு பச்சை இலை விழுந்தது. அவர் சிரிப்பு நின்றது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைக் கழுவக் கிணற்றடிக்கு நடந்தார்.