கழுநீர் குடித்த ஆடு

குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. வங்காளத்துப் பவானிப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையை ஒட்டியே நான் வேலை பார்த்த சர்க்கார் விவசாய ஆபீஸ். நடுவில் ஒரு மூங்கில் வேலிதான். மாமரத்துப் புழுவைக் கொல்லப் பாஷாணம் கலந்த மருந்தைப் பீச்சியடிக்கும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மருந்து சொட்டிய புல்லை மாடு தின்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கக் கொட்டகையில் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தார்கள். வெள்ளைக்கு நல்ல புல், கறுப்புக்கு மருந்துப் புல். தின்றது போக மிச்சத்தைக் குறித்து வைப்பது குமாஸ்தாவான என் வேலை.

மூன்று வாரமும் கறுப்பின் கூடை காலியாகவே இருந்தது. ஆடும் துள்ளிக்கொண்டு நின்றது. அந்தப் புல்லைப் பசுக்களுக்குத் தாராளமாகப் போடலாம் என்று அறிக்கை தயாரானது. அதிகாரி கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. என்னவோ நானே சாதித்துவிட்டதுபோல் வீட்டில் மார்தட்டிக்கொண்டேன்.

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியின் கை அப்படியே நின்றது.

"ஏன்னா, கறுப்பு ஆடா? அதுக்கு நான்னா வேலிச் சந்து வழியாத் தினம் கழுநீரும் கீரைத்தண்டும் கொடுத்துண்டிருந்தேன்! அந்தப் புல்லை மோந்துகூடப் பாக்கலை, பாவம். எடுத்துக் குப்பைக்குழியில கொட்டிட்டேன்."

நான் இலையைத் தள்ளினேன். "வாயை மூடிண்டு இரு. வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"பசு செத்தா? அந்தப் பாலை ஒரு குழந்தை குடிச்சு வச்சா?"

"அடிப்பாவி, நீ பண்ணின கூத்துக்கு நான் தெருவில நிக்கணுமா?" என்று கத்தினேன். மறுநாள் நான் சட்டை மாட்டுவதற்குள் கிளம்பிவிட்டாள். ஆபீஸ் வாசலையே மிதித்தறியாதவள், அரைகுறை வங்க மொழியில் அதிகாரியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவர் வங்காளி டாக்டர். "ஆத்துக்காரர் மேல தப்பில்லை" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். சுத்தப் பொய்! தினம் கூடை எப்படிக் காலியாகிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா நான்? பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்று கேட்ட எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

டாக்டர் அறிக்கையைக் கிழித்துப் போட்டார். "மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும், அம்மா. வேறெதுவும் தின்னாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே" என்றார்.

"நானே உக்காந்துக்கறேன்" என்றாள்.

உட்காரவும் செய்தாள். அவளைக் கண்டதும் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து கத்தும். கைகளைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு அசையாமல் இருப்பாள். பசி தாங்காமல் இரண்டாம் நாள் அது மருந்துப் புல்லில் வாய் வைத்தது. என்னால் அங்கே அரைமணி நேரம் இருக்க முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு நெஞ்சுரத்தை நான் எந்த ஆண்பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் ஆட்டுக்குக் கழிச்சல் கண்டது. பத்தாம் நாள் மத்தியானம் அவள் மடியில் தலையைப் போட்டபடியே செத்தது. விம்மி விம்மி அழுதாள். தேற்றலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னை அப்புறம் தேத்தலாம்" என்றாள். "அந்தப் புல்லை மாட்டுக்குப் போடாதேங்கோன்னு தோப்புக்காராளுக்கெல்லாம் இன்னித் தபால்லயே எழுதிப் போட டாக்டர்கிட்டச் சொல்லுங்கோ. எழுந்திருங்கோ, போங்கோ."