துன் கடைத்தெருவில் அணுகுண்டுக்கு எதிராக

சனிக்கிழமை காலை. பேர்னிலிருந்து துன்னுக்கு ரயிலில் இருபது நிமிடம். ஏரி தெரிவது இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் முடிவு செய்வதற்குள் ஊர் வந்துவிட்டது.

வாசுகி, மதுரையில் அகதியாக இருந்த காலத்தில் என் மனைவியோடு படித்தவர். கணவர் தவம் ஏரிக்கரை ஓட்டலில் சமையல்காரர். திங்கள்வரை அவர்கள் வீட்டில்தான் தங்கல். என் பெட்டியை வைக்க வாசுகி குடியிருப்பின் பொது நிலவறைக்குக் கூட்டிப்போனார். ஒரு சாண் கனத்தில் கான்கிரீட் கதவு. உள்ளே அரிசி மூட்டை, இட்லிச் சட்டி, யாருடையதோ பனிச்சறுக்குக் கட்டைகள்.

"பேங்க் லாக்கரா?" என்றேன்.

"அணுகுண்டு விழுந்தா எல்லாரும் வந்து இருக்கிற இடம். இவர் இறங்க மாட்டார். வன்னியில இருந்த பங்கரே இந்தப் பிறவிக்குக் காணுமெண்டுவார்."

குண்டே இல்லாத இந்த நாடு, குண்டு பரவாமல் தடுக்கும் ஒப்பந்தத்திலும் சோதனைத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்திருக்கிறது. அணு ஆயுதத்தையே அடியோடு தடைசெய்யும் ஒப்பந்தத்தில் மட்டும் இன்னும் கையெழுத்திடவில்லை. அரசைச் சேரவைக்க மக்கள் வாக்கெடுப்பு கேட்டுத் தெருவில் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். தவமும் சேர்க்கிறார். குடியுரிமை இல்லாததால் அவர் கையெழுத்துச் செல்லாது; கேட்கத் தடையில்லை. குடியுரிமைக்கான நேர்காணல் திங்கட்கிழமை.

"உங்களைக் கேள்வி கேக்கப் போற ஆக்களும் சனிக்கிழமை மரக்கறி வாங்க வருவினம். பேசாமல் வீட்டில இருங்கோ," என்றார் வாசுகி.

"சட்டப்படி பிழையில்லை."

"திங்கட்கிழமை சட்டமோ வந்து இருக்கப் போகுது? ஆக்கள்தான் இருப்பினம்."

பத்து மணிக்குக் கடைத்தெருவில் நின்றோம். குண்டு வைத்திருக்கும் நாட்டிலிருந்து வந்த நான் குண்டுக்கு எதிரான தாள்களைப் பிடித்திருந்தேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு பெண்மணி கேட்டதும் மேலே இருந்த தாளை நீட்டிவிட்டேன். அவர் இரண்டு எழுத்து எழுதுவதற்குள் தவம் பாய்ந்து பிடுங்கினார்.

"அவ பக்கத்து ஊர், அண்ணை. ஊருக்கு ஊர் வேற தாள். மாறினால் செல்லாது."

"ஒண்ணுதானே, யார் பார்க்கப்போறாங்க?"

"ஒவ்வொண்டாப் பாப்பினம்," என்றார்.

ஐந்து பிராங்குக்கு வாங்கிய காப்பி ஆறுவதற்குள் தவத்தின் முகம் மாறியது. பையில் வெங்காயத்தாளோடு ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார்.

"திங்கட்கிழமைக் குழுவில இருக்கிறவர்."

குனிந்து ஷூ கயிற்றைக் கட்டச் சொன்னேன். என் அரசியல் வாழ்க்கையே அப்படித்தான் ஓடியிருக்கிறது. தவம் என் கையிலிருந்து இந்த ஊர்த் தாளை எடுத்தார். பிறகு நேரே போய் வணக்கம் சொல்லி நீட்டினார்.

பெரியவர் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். ஜெர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். கையெழுத்திடாமல் நடந்தார்.

"என்னவாம்?"

"சின்ன நாடு, பக்கத்து நாடுகளின்ர பாதுகாப்பும் வேணுமாம். இதுக்கு எதிராத்தான் வாக்குப் போடுவாராம். திங்கள் நாலு மணிக்குப் பிந்தாமல் வரட்டாம்."

அன்று வாசுகி கோபத்தில் எங்கள் இருவருக்கும் பழைய சோறு போட்டார். நான் ஷூ கயிறு கட்டச் சொன்ன தரப்பு என்று விளக்கியும் பயனில்லை.

திங்கள் மாலை சூரிச் விமான நிலையத்தில் இருந்தபோது தவம் அழைத்தார்.

"அதே மனுசன்தான் கேட்டவர், அண்ணை. வாக்கெடுப்பில நீங்கள் தோத்தால் என்ன செய்வீங்கள் எண்டு."

"நீ என்ன சொன்னே?"

"தோத்த ஆக்களும் காலமை வேலைக்குப் போகோணும் எண்டன். சிரிச்சிட்டார். குழு ஓம் எண்டிட்டுது. இனி மேலிடத்துக்குப் போய் வரக் கன மாசம் எடுக்கும். அதுக்குள்ள கையெழுத்துக் காலம் முடிஞ்சிடும். பரவாயில்லை, வாக்கு இருக்குத்தானே. அந்தாள் எதிராப் போட, நான் ஆதரவாப் போடுவன்."

பின்னால் வாசுகி, "அண்ணையிட்ட இனி ஒருத்தருக்கும் புத்தி சொல்லாதேங்கோ எண்டு சொல்லுங்கோ," என்பது கேட்டது.

விமானம் ஏறினேன். முப்பது வருடமாக வாக்களிக்கிறேன். தெரு விளக்கிலிருந்து தேசம்வரை எல்லாவற்றுக்கும் ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எங்கள் குண்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சென்னை வந்துவிட்டது, பதில் வரவில்லை.