குறுவாள் என்று நான் எழுதிய கத்தி

வவுனியாவில் என் வீட்டுப் பின்னறையில் ஏழு வாள்களும் பதினொரு ஈட்டி முனைகளும் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கத்திகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஓர் அட்டை தொங்கும். நீளம், நிறை, கிடைத்த இடம், என் கணிப்பு. பத்திரிகை அலுவலகத்தில் நெடுங்காலம் மற்றவர்களின் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் இரும்பைத் திருத்தத் தொடங்கிவிட்டேன் என்று மனைவி சொல்வாள்.

இந்த வேலையில் பெரும்பகுதி, இல்லை என்று சொல்வதுதான். 'பழைய வாள்' என்று வன்னியில் கொண்டுவந்து காட்டுவதில் பாதி, கூத்துக்காகப் பீப்பாயின் இரும்புப் பட்டையில் வெட்டியது. மீதியில் பல, போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இரும்பு கிடைக்காமல் லொறியின் வில்லுத் தகட்டில் கொல்லர்கள் அடித்த காட்டுக் கத்திகள். பத்து மழைக்கு மண்ணுக்குள் கிடந்தால் அவற்றுக்கும் முந்நூறு வயது முகம் வந்துவிடும். அதனால் துருவை நான் நம்புவதில்லை. பிடியைக் கழற்றி உள்ளே போகும் வாலைப் பார்ப்பேன். பிறகு தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, தடவி அரைநாள் வைப்பேன். வில்லுத் தகடு ஒரே சாம்பல் நிறமாக வரும். பழைய இரும்பில் மரத்தின் வைரம்போலக் கோடுகள் எழும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கத்தியில் அப்படிக் கோடு எழுந்தது.

அதைத் தந்தவர் முல்லைத்தீவு வீதியில் பழைய இரும்பு வாங்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி. இளம் வயதில் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். நான் அவரை நானா என்பேன். தராசில் ஏற்றுமுன் எனக்குப் பிடிக்கக்கூடியதை ஒதுக்கி வைத்து, கைபேசியில் படம் அனுப்புவார். அன்றும் அனுப்பினார். நான் போனதும் சிரித்தார்.

"சேர், உங்கட ராசா ஒருத்தர் சாமானை விட்டிட்டுப் போயிருக்கிறார். தேடி வாறதுக்குள்ள எடுத்துக்கொண்டு ஓடுங்கோ."

"எங்கையிருந்து வந்தது, நானா?"

"விசுவமடு."

ஒரு முழத்துக்குக் குறைவான நீளம். மெலிந்து வளைந்த அலகு. பிடியில் ஏதோ கறுப்பாகச் சுற்றியிருந்தது. வீட்டுக்கு வந்து அதை வெட்டி எறிந்தேன், உக்கிய மரத்தைத் தட்டி எடுத்தேன், மண்ணைக் கழுவினேன். அட்டையில் இப்படி எழுதினேன்: 'பிற்காலப் பிடி. அகற்றப்பட்டது.' புளி காய்ந்ததும் மென்மையான இரும்பு உடலுக்கும் வெட்டும் உருக்கு வாய்க்கும் நடுவே தெளிவாக ஒரு கோடு தெரிந்தது. பிடியோரத்தில் தேய்ந்த முத்திரை ஒன்று, அரை வட்டமும் ஒரு கீறும். வாய் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருந்தது. அதுவும் வழக்கமான பக்கம் இல்லை.

பழைய அலுவலகத்தின் ஞாயிறு இதழ் என் சேகரிப்பைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தது. இந்தக் கத்தியின் படத்தை நடுவில் போட்டேன். முத்திரை ஒல்லாந்தர் காலத்து இறக்குமதி இரும்பைக் காட்டுகிறது, ஒருபக்கத் தீட்டு இது உழவுக் கருவி அல்ல என்பதை உறுதிசெய்கிறது, விசுவமடுவில் கிடைத்த வன்னிக் குறுவாள் என்று எழுதினேன். 'இருக்கலாம்' என்ற சொல்லை ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. அதை மற்றவர்களின் செய்திகளில் நான் எத்தனை தடவை சேர்த்திருப்பேன்.

கட்டுரை வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். செட்டிகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். கையில் மடித்த பத்திரிகை.

"ஐயா, இந்தக் கத்திய ஒருதரம் பாக்கலாமுங்களா?"

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அலகைப் பார்க்கவில்லை. முதலில் பிடி இருந்த இடத்தைப் பார்த்தார்.

"பிடி எங்கங்க?"

"அது பழசில்லை, அம்மா. பிறகு ஆரோ போட்டது. எடுத்திட்டன்."

"சைக்கிள் ரியூப் சுத்தியிருந்துச்சா?"

வெட்டி எறிந்த கறுப்புச் சுற்று நினைவுக்கு வந்தது. ஓம், அது ரியூப்தான்.

"இது வாளு இல்லீங்கய்யா. கவ்வாத்துக் கத்தி. தேயிலை வெட்டுறது. எங்க மாமனாரு தோட்டத்துல வச்சிருந்தது. கலவரத்துல அடிச்சி வெரட்டுனப்போ இதையும் ரெண்டு சட்டியையும்தான் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வந்தாங்க. அப்புறம் எங்க வீட்டுக்காரரு கையில இருந்துச்சு. தீட்டித் தீட்டி இப்படி ஒல்லியாயிருச்சு."

மலைநாட்டிலிருந்து வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி வந்த செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். அவர்கள் கையில் என்ன கத்தி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. முத்திரை ஏதோ ஓர் ஆங்கிலக் கொம்பனியுடையது; இரும்பில் உருக்கு வாய் ஒட்டிய கருவிகளை அவர்களும் செய்தார்கள். கத்திக்கு எண்பது வயது இருந்தால் அதிகம்.

"இந்தப் பக்கம் தீட்டியிருக்கே," என்று வாயைக் காட்டினார். "அவரு எடக்கைங்க."

பிறகுதான் அவர் வந்த காரணத்தைச் சொன்னார். கடைசிச் சண்டையில் விசுவமடுவிலிருந்து கிழக்கே போனார்கள். இரண்டாவதாகத் தங்கிய இடத்திலிருந்து, வீட்டில் விட்டுவந்த அரிசி மூட்டையை எடுத்துவருவதாகக் கணவர் திரும்பிப் போனார். கத்தி இடுப்பில் இருந்தது. வரவில்லை. எறிகணை விழுந்ததால் இவர்கள் அன்றே அந்த இடத்தையும் விட்டு மேலும் தெற்கே போய்விட்டார்கள். கணவரின் தம்பி பின்னர் ஒரு கதை சொன்னார்: அண்ணன் அரிசிக்குப் போகவில்லை, தன் உயிரைப் பார்த்துக்கொண்டு மற்றப் பக்கம், இராணுவத்திடம் போய்விட்டான், எங்கேயோ இன்னொருத்தியோடு இருக்கிறான். அப்போது பதின்மூன்று வயதாக இருந்த மகன் அதை நம்பினான். இன்றைக்கும் தகப்பனின் படத்தைச் சுவரில் மாட்ட விடுவதில்லை.

"பேப்பரைக் கொண்டாந்து காட்டுனதே அவன்தாங்க. விசுவமடுன்னு போட்டிருக்கு பாத்தியா, கத்தியக்கூட வீட்டுலயே போட்டுட்டுத்தான் போயிருக்காருன்னான். அதான் கேக்க வந்தேன். விசுவமடுல எந்த எடமுங்க?"

அந்த மண்ணை நான் கழுவியிருந்தேன். ரியூப் குப்பையோடு எரிந்திருந்தது. வியாபாரி அனுப்பிய படம் மட்டும் கைபேசியில் கிடந்தது. தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். ரியூப் சுற்றின் இடுக்குகளில் விசுவமடுவின் செம்மண் இல்லை. வெள்ளை மணல். நகக்கண் அளவில் சிப்பித் துண்டுகள். படத்தை நான் அன்றே பார்த்திருந்தேன். எனக்கு அப்போது அலகு மட்டும் தேவைப்பட்டது.

அவர் முன்னாலேயே நானாவுக்கு அழைத்தேன்.

"சேர், விசுவமடுவில ஒராள் கொண்டந்து தந்தவர். நான் அதைத்தான் சொன்னனான். அவர் எங்க கிண்டினவர் எண்டு நீங்க கேக்கேல்லையே. பேப்பர்காரர், நீங்கதானே கேக்கவேணும்?"

கொண்டுவந்து தந்தவரின் இலக்கத்தை வாங்கிக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை ஞாயிறு இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன். இப்போதைய ஆசிரியர் என்னிடம் வேலை பழகியவர். "ஐயா, குறுவாள் எண்டா என்ன, கத்தி எண்டா என்ன? ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்றார். வந்து கேட்டுவிட்டார்கள் என்றேன். திருத்தம் உள்பக்கத்தில் நான்கு வரியில் வந்தது.

அடுத்த கிழமை கத்தி கிடந்த இடத்தைப் பார்க்கப் போனோம். அந்த அம்மாவின் மகன் தன் ஓட்டோவில் தாயை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். முப்பது வயதை நெருங்கியவன். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. கத்தியைக் கிண்டி எடுத்து நானாவுக்குத் தந்த, இரும்பு பொறுக்கும் மனிதர் விசுவமடுச் சந்தியில் ஏறிக்கொண்டார். களப்புக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணலில் ஓட்டோ நின்றது.

அவ்விடத்தில் பார்க்க அதிகம் இல்லை. கண்ணிவெடி அகற்றியதைச் சொல்லும் பலகை ஒன்று, எழுத்து வெளிறி நின்றது. எறிகணையில் தலைவட்டு இழந்த பனைகள். சேலையில் தைத்த மண்மூட்டைகள் உக்கி, சரிகைக் கரைகள் மட்டும் மணலில் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கு பார்த்தாலும் முழங்கால் ஆழக் குழிகள்.

"எந்தக் குழி, தம்பி?" என்று அம்மா கேட்டார்.

இரும்பு பொறுக்குபவர் தலையைச் சொறிந்தார். "அம்மா, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் எல்லா இடமும் கிண்டினனாங்கள். இந்த வரிசையில ஒண்டு. ஒரு தண்ணிப் பம்பின்ர கோதும் ரெண்டு சைக்கிள் றிம்மும் இதோட வந்தது. அது ஞாபகம்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இரும்பைத் தவிர நாங்கள் ஒண்டும் எடுக்கிறேல்லை, அம்மா." பிறகு சொன்னார்: "மற்றதெண்டா திரும்ப மூடிப்போட்டு வாறது."

மற்றது என்ன என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மகன் முதல் தடவையாகப் பேசினான். "கத்தி இங்க வந்துச்சுன்னா அவரு வந்தாருன்னு அர்த்தமா? வேற யாராச்சும் எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம்ல, சேர்? நீங்கதான எழுதுறவரு, சொல்லுங்க."

அது என் கேள்வி. நான் மேசையில் இருந்திருந்தால் ஓரத்தில் அதையே எழுதியிருப்பேன். கத்தி ஆளில்லாமலும் நடக்கும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தாய் என் பையிலிருந்து கத்தியை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"அந்தக் கம்ப வெட்டு."

பக்கத்தில் ஒரு நாயுருவிப் புதர்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி விடத்தல் முள்மரம் ஒன்று நின்றது. நான் எண்ணெய் பூசி வைத்திருந்ததால் வாய் இன்னும் வெட்டும். பிடியில்லாத வாலைச் சாரத்துணியால் சுற்றிப் பிடித்து, வலக்கையால் கிளையில் போட்டான். அலகு உள்ளே இறங்காமல் வெளியே வழுக்கியது. மறுபடியும் போட்டான். பட்டை சீவி, கத்தி அவன் முழங்காலை நோக்கி வந்தது.

"பாத்து! ஒங்கப்பாவோட மம்பட்டிய வாங்குவாங்க, கத்திய யாரும் எரவல் வாங்கமாட்டாங்க. பத்தினிக் கத்தி, புருசன் கைக்கு மட்டும்தான் வெட்டுதுன்னு ஊரே கேலி பண்ணும்," என்றார் தாய். குரல் உயரவில்லை. "உயிருக்கு ஓடுற வேற ஒருத்தன், தன் கைக்கு ஒதவாத கத்தியவா எடுத்துக்கிட்டு ஓடுவான்? எடக்கையில மாத்து."

மாற்றினான். ஒரே வெட்டு. கிளை விழுந்தது.

விழுந்த கிளையைக் காலால் ஒதுக்கிவிட்டான். கத்தியைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

எந்த நீதிமன்றமும் இதைச் சான்றாக ஏற்காது. இன்னொரு இடக்கைக்காரர் இருந்திருக்கலாம். ஆனால் மாமனார் கொண்டுவந்த ஒரு கவ்வாத்துக் கத்தி, ரியூப் சுற்றியது, இடப்பக்கம் தீட்டியது, வீட்டிலிருந்து இவ்வளவு கிழக்கே, இவர்கள் போன அதே வழியில். என் பின்னறையில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் நிற்கும் அட்டைகள் உண்டு.

"நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள், அம்மா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிச் சுற்றிலும் பார்த்தார். களப்பின் பக்கமாக இரண்டு பனைகள் ஒட்டி நின்ற இடத்தைக் காட்டினார். "அந்தா. அந்த ரெட்டைப் பனைக்குக் கீழ. தறப்பாள் போட்டு பதினோரு நாளு இருந்தோம். அவரு அரிசிக்குப் போனது அங்கயிருந்துதான். இவனுக்கு வயித்துப்போக்கு."

இடையில் மேடு எதுவும் இல்லை. இங்கே நின்று கத்தினால் அங்கே கேட்டிருக்கும். அன்றைய சத்தத்தில் கேட்டிருக்காது.

நான் குழிகளின் ஓரத்திலிருந்து பனைகளை நோக்கி நடக்கத் தொடங்கினேன். தூரம் தெரியாமல் நான் எதையும் எழுதியதில்லை. ஒவ்வோர் அடியாக மனதுக்குள் எண்ணிக்கொண்டு போனேன். உதடு அசைந்திருக்க வேண்டும்.

"ஐயா," என்று பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். "எண்ணாதீங்க."

நின்றேன். மகன் என்னைத் தாண்டிப் போனான், கத்தி இடக்கையில். பனைகளுக்குக் கீழே போய் நின்று, நாங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான்.